முதல் கைக்குப் பாஸ் கிடையாது

கும்மிடிப்பூண்டி வண்டி என்று நினைத்து நான் ஏறிய லோக்கல் ரயில் செவ்வாப்பேட்டையில் நின்றது. பெயர்ப் பலகையை இரண்டு முறை படித்தேன். மடியில் இரண்டு கிலோ காராச்சேவு, காலடியில் வளைகாப்புக்கு வாங்கிய வளையல் பெட்டி. சென்னையில் இறங்கியதும் பெரிய கூட்டம் ஒன்று ஒரு பக்கமாகப் போனது. நானும் பின்னாலேயே போய் ஏறிவிட்டேன். யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் கேட்க மாட்டேன். ஐம்பது வயதாகிறது, இன்னும் பஸ்ஸில் "இறங்கணும்" என்று சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த நிறுத்தம்வரை போய் நடந்து வருகிறவள் நான்.

சாத்தூரில் ரவிக்கை தைக்கிறேன். அந்தத் தொழிலில் எனக்குப் பிடித்ததே அளவு ரவிக்கைதான். கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள், பேச்சே வேண்டாம். என் கணவர் சேவுக்கடையில் மாவு பிசைகிறார். அவர் என்னைவிட மோசம். எங்கள் வீட்டில் அதிகம் பேசுவது குக்கர்தான்.

இப்படிப்பட்டவளை ஒரு காரியம் பேசி முடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எங்கள் ஒரே மகள் செல்வி, கும்மிடிப்பூண்டியில் கம்பெனி வேலைக்கு வந்தவள், அங்கேயே மாப்பிள்ளையையும் பார்த்துக்கொண்டாள். இப்போது ஏழாம் மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். ஆனால் சம்பந்தியம்மா கோமளா போனில், "ஆஸ்பத்திரி கிட்டவே கீது, இங்கயே பாத்துக்கலாம்" என்று சொல்லியிருந்தார். அப்போதே "இல்லைங்க, நாங்க கூட்டிட்டுப் போறோம்" என்று சொல்லியிருக்க வேண்டும். நான் "சரிங்க" என்றேன். போனை வைத்துவிட்டு அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. திங்கட்கிழமை எனக்கு ஊருக்கு ரயில். அதற்குள் கேட்டுவிட வேண்டும். கேட்காவிட்டால் தனியாகத் திரும்ப வேண்டியதுதான்.

செவ்வாப்பேட்டையிலிருந்து திரும்பி, பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி, கவரைப்பேட்டையில் இறங்கி, புதுவாயலைத் தாண்டி உள்ளே இருக்கும் அவர்கள் ஊருக்கு ஷேர் ஆட்டோவில் போய்ச் சேர்ந்தபோது மதியச் சோறு ஆறியிருந்தது. ரோட்டின் ஒரு பக்கம் கம்பெனிச் சுவர், மறு பக்கம் நெல் வயல். சுவருக்கு மேலே புகை, வயலில் கொக்கு. இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.

"இன்னா சம்மந்தி, காலைல வண்டி வந்துச்சாமே. எங்க போயிட்டீங்க?" என்றார் கோமளா.

"வண்டி லேட்டுங்க" என்றேன். முதல் நாளே பொய்.

செல்வி என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். "யம்மா, நீதான் கேக்கணும். நான் கேட்டா, அத்தை நல்லாப் பாத்துக்கலையோன்னு அவங்க மனசு சங்கடப்படும்."

"கேக்கேன்."

"எப்ப?"

"நாளைக்கு."

மறுநாள் செவ்வாய். காலையில் கோமளா, "நாஷ்டா ஆச்சா?" என்று கேட்டார். ஆனது என்றேன். ஆகவில்லை. நாஷ்டா என்றால் குளியலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பத்து மணிவரை பசியோடு இருந்த பிறகுதான் செல்வி விளக்கினாள், இட்லியும் வடகறியும் கொடுத்தாள். வடகறியை நான் அதற்கு முன் தின்றதில்லை. நான்காவது இட்லிக்குக் கூச்சம் தடுத்தது. இல்லாவிட்டால் ஆறு தின்றிருப்பேன்.

அன்று மதியம் இரண்டு மணிக்குத்தான் அந்த வினை வந்து சேர்ந்தது. கோமளா பல வருடம் கொருக்குப்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் பாக்கிங் வேலைக்கு லோக்கல் ரயிலில் போய் வந்தவர். அந்த ரயிலில் பெண்கள் சேர்ந்து சீட்டாடுவார்களாம். வேலையை விட்டுவிட்டார், சீட்டை விடவில்லை. தினமும் மதியம் இரண்டு மணிக்கு அவர் வீட்டுக் கூடத்தில் ஆட்டம். கூட ஆடுவது அவருடைய ஓரகத்தி தேவகி. அடுத்தது மும்தாஜ், பழவேற்காட்டுக்காரர். புதுவாயலில் அவர்கள் குடும்பத்துக்குத் துணிக்கடை. வண்ணாரப்பேட்டைக்குச் சரக்கெடுக்கப் போகும்போது அதே ரயிலில் பழக்கமானவர். மதியம் கடை சாத்தியதும் இங்கே வந்துவிடுவார். நான்காவது ஆள் காட்டுப்பள்ளியில் மகன் வீட்டுக்குப் போயிருந்தாள்.

"ஒரு கை கொறையுது. உக்காருங்க சம்மந்தி."

எனக்குச் சீட்டு தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

உட்காரும் முறையே புதிதாக இருந்தது. வீட்டில் தரை இருக்கிறது, மேசை இருக்கிறது. ஆனால் அவர்கள் இரண்டு பெஞ்சை எதிரெதிரே நெருக்கிப் போட்டு, ரயிலில் உட்காருவது போல முழங்காலும் முழங்காலும் இடிக்க உட்கார்ந்தார்கள். நாலு பேர் முழங்கால் மேலும் ஒரே துண்டை விரித்தார் கோமளா. அதுதான் மேசை. "தரையில போட்டா எனக்கு ஆட வராது" என்றார்.

ஆட்டத்துக்குப் பெயர் இருபத்தெட்டு. எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். குறுக்காக உட்காரும் இருவர் ஒரு கட்சி. நானும் கோமளாவும் ஒன்று, தேவகியும் மும்தாஜும் ஒன்று. ஆளுக்கு எட்டுச் சீட்டு. அதில் ராஜாவுக்கும் ராணிக்கும் மதிப்பே கிடையாது. ஜாக்கிதான் பெரியவன், அவனுக்கு மூன்று. ஒன்பதுக்கு இரண்டு, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. கட்டு முழுக்கக் கூட்டினால் இருபத்தெட்டு. முதலில் நாலு சீட்டு கொடுப்பார்கள். அதைப் பார்த்து ஏலம். இத்தனை எடுப்பேன் என்று யார் அதிகம் சொல்கிறாரோ அவர் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைப்பார். அதுதான் துருப்பு, மற்றச் சீட்டையெல்லாம் வெட்டும். பிறகு மீதி நாலு சீட்டு வரும். சொன்னதை எடுத்தால் ஒரு புளியங்கொட்டை. இருபதோ அதற்கு மேலோ சொல்லி எடுத்தால் இரண்டு. ஆறு கொட்டை சேர்த்த கட்சிக்கு வெற்றி. தோற்றவர்கள் டீ போட வேண்டும்.

ஏலம் வேண்டாதவர்கள் "பாஸ்" என்று சொல்லலாம். இந்த இடத்தில்தான் எனக்கு ஆட்டம் பிடித்துப்போனது. வாழ்நாள் முழுவதும் நான் தேடிய வார்த்தை அது. முதல் மூன்று ஆட்டமும் பாஸ், பாஸ், பாஸ். கையில் என்ன வந்தாலும் பாஸ்.

நான்காவது ஆட்டத்தில் ஏலத்தின் முதல் கை எனக்கு வந்தது. "பாஸ்" என்றேன்.

"அது முடியாது" என்றார் மும்தாஜ். "முதல் கை ஆளு பதினாலுன்னாச்சும் சொல்லியே ஆவணும்."

"ஒண்ணும் இல்லாட்டியும்?"

"ஒண்ணும் இல்லாட்டியும். யாராச்சும் ஒருத்தர் வாயத் தொறந்தாத்தானே ஆட்டம் நடக்கும்?"

பதினாலு என்றேன். எனக்கே கேட்கவில்லை. எடுத்தது ஒன்பது.

அன்று இரண்டு முறை டீ போட்டேன். புதன்கிழமை மூன்று முறை. கோமளாவும் தோற்றவர்தான். ஆனால் "சம்மந்தி போடுற டீ நல்லா கீது" என்று சொல்லி உட்கார்ந்தே இருந்தார். துருப்பு கவிழ்ந்தே இருக்கும், கேட்டால்தான் திறப்பார்கள். நான் கேட்க மாட்டேன். வெட்ட வேண்டிய இடத்தில் ஏதாவது ஒரு சீட்டைப் போட்டுவிட்டுத் துண்டைப் பார்ப்பேன். கோமளா பல்லைக் கடித்துக்கொள்வார். மரியாதையாக இருக்க அவர் பாடுபட்டது தெரிந்தது. மூன்றாவது தடவை அந்த மரியாதை உடைந்துவிட்டது.

"அய்ய, தொறன்னு கேளேன்மா. இன்னா பொம்பள நீ. கைல துருப்ப வெச்சிகினு எதிராளிக்குத் தூக்கிக் குடுக்கற."

சம்பந்தியை "நீ" என்று சொல்லிவிட்டார். தேவகி நாக்கைக் கடித்தாள். எனக்கோ ஏதோ பாரம் இறங்கின மாதிரி இருந்தது. அதுவரை யாரும் என்னைத் திட்டுகிற அளவுக்குக் கணக்கில் எடுத்துக்கொண்டதில்லை.

அன்று இரவுச் சோற்றுக்கு இறால் தொக்கு. காரத்தில் கண்ணில் நீர் வந்தது. "ஆந்திரா பக்கத்துல கீது, அப்டித்தான்" என்றார் கோமளா. நான் தண்ணீர் கேட்கவில்லை. அவரே செம்பை நகர்த்தி வைத்தார்.

வியாழக்கிழமை நாலு பேரும் வளைகாப்புப் புடவை எடுக்க வண்ணாரப்பேட்டைக்குக் கிளம்பினோம். பெண்கள் பெட்டியில் இடம் இல்லாததால் பொதுப் பெட்டியில் ஏறினோம். எதிரெதிர் சீட் கிடைத்ததுதான் தாமதம், கோமளா பையிலிருந்து துண்டை எடுத்தார். பொன்னேரி தாண்டுவதற்குள் இரண்டு ஆட்டம் முடிந்தது. அவர் வேகத்தின் காரணம் அப்போதுதான் புரிந்தது. ஸ்டேஷன் வருவதற்குள் ஆட்டத்தை முடித்தாக வேண்டும்.

பக்கத்தில் வடக்கத்திப் பையன்கள் மூன்று பேர், கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள், ஊருக்குப் போகும் மூட்டைகளோடு நின்றுகொண்டு எங்கள் ஆட்டத்தையே பார்த்தார்கள். ஒருவன் ஏதோ சொன்னான். மற்ற இருவரும் சிரித்தார்கள். மும்தாஜும் சிரித்துவிட்டார். அவருக்கு உருது தெரியும்.

"இன்னாவாம்?" என்றார் கோமளா.

"அந்தப் பச்சப் பொடவ ஆன்ட்டிக்கு நல்ல சீட்டு வந்தா காலு ஆடுது, துண்டு பூரா ஆடுது, பாத்துக்கோன்னு சொல்றான்."

பச்சைப் புடவை நான்தான். குனிந்து பார்த்தேன். துண்டு ஆடிக்கொண்டிருந்தது. மேலே கிடந்த சீட்டுகள் மெதுவாகத் தேவகி பக்கம் நகர்ந்துகொண்டிருந்தன.

மும்தாஜ் அவர்களிடம் இந்தியில் ஏதோ சொன்னார். மூவரும் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "எங்களுக்கு முதல் நாளே தெரியும், நீ ஏன்டா போட்டுக் குடுக்கறன்னு சொன்னேன்."

ஆக மூன்று நாளாக நான் மூடி மூடி வைத்துக்கொண்ட சீட்டையெல்லாம் என் முழங்கால் ஊருக்கே சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறது. கட்சிக்காரர் கோமளாவாவது சொல்லியிருக்கலாம். கேட்டேன். "சொன்னா அப்பால நீங்க காலப் புடிச்சிகினு உக்காருவீங்க. எனக்கும் கைல இன்னா கீதுன்னு தெரியாமப் பூடும்" என்றார்.

வண்ணாரப்பேட்டை வந்தது. "கை முடியட்டும்" என்றார் கோமளா. கை முடிந்தபோது ராயபுரம் வந்திருந்தது. அங்கிருந்து ஆட்டோவில் திரும்பிவந்து புடவை எடுத்தோம். வழியெல்லாம் "பேஜாரா போச்சு" என்று மற்றவர்களையே குற்றம் சொல்லிக்கொண்டு வந்தார். செல்விக்கு அரக்கு நிறம் எடுத்தார். எனக்குக் கேட்காமலே ஒரு மாம்பழ மஞ்சள் எடுத்தார். பிறகுதான் அவரிடம் பேச நல்ல சமயம் இது என்று எனக்குத் தோன்றியது. ஆட்டோவில் வாயைத் திறந்தேன். "புடவை நல்லாருக்குங்க" என்று மூடிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை செல்வி என்னோடு பேசவில்லை.

சனிக்கிழமை ஆட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் விட எனக்கு ஆசைதான். நாங்கள் நாலு கொட்டை, எதிர்க்கட்சி ஐந்து. முதல் கை எனக்கு. முதல் நாலு சீட்டை விரித்தேன். கிளாவர் ஜாக்கி, கிளாவர் ஒன்பது, கிளாவர் ஏஸ், கூட ஹார்ட்டின் ஜாக்கி. இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொள்ளலாம் என்றால் சீட்டை யார் பிடிப்பது? துண்டு காற்றில் கிடப்பது போல ஆடியது. இருபது சொல்ல வேண்டும் என்று எனக்கே தெரிந்தது. எடுத்தால் இரண்டு கொட்டை, ஆட்டமே முடிந்துவிடும். இருபது என்ற சொல் தொண்டைவரை வந்தது.

"பதினாலு" என்றேன்.

தேவகி துண்டைப் பார்த்துவிட்டு உடனே "பாஸ்" என்றாள். கோமளா கையில் ஒன்றும் இல்லை, பாஸ். மும்தாஜ் சிரிப்பை அடக்கிக்கொண்டு பாஸ். ஆடினோம். இருபத்தாறு எடுத்தேன். கிடைத்தது ஒரு கொட்டை. அடுத்த ஆட்டத்தில் அவர்கள் ஆறைத் தொட்டார்கள்.

கோமளா அந்த ஒற்றைக் கொட்டையை என் உள்ளங்கையில் வைத்து விரலை மடக்கிவிட்டார். "இத்த ஊருக்கு எடுத்துகினு போங்க. இருபத்தாறு எடுக்கற கைய வெச்சிகினு பதினாலு சொன்னவங்கன்னு காட்டுங்க."

எழுந்து போய் டீ போட்டேன். இஞ்சி அதிகமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு நன்றாக நடந்தது. செல்வி இரண்டு கையும் நிறைய வளையலோடு உட்கார்ந்திருந்தாள். தெருப் பெண்கள் எல்லோரும் சந்தனம் பூசினார்கள். எலுமிச்சைச் சோறும் புளிச்சோறும் போக, என் காராச்சேவையும் இலையில் வைத்தார்கள். "இன்னாமே இது, இவ்ளோ மொறுமொறுன்னு கீது" என்று யாரோ கேட்டதற்குக் கோமளா, "எங்க சம்மந்தி ஊட்டு சேவு. அவங்க ஊட்டுக்காரர் கைப் பக்குவம்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார். நான் தூணோரம் நின்றேன். மதியம் மூன்று மணிக்குப் பந்தி முடிந்தது. நான்கு மணிக்குக் கூட்டம் கலைந்தது. இன்னும் கேட்கவில்லை.

பெஞ்சைப் போட்டார் கோமளா. "உடம்பெல்லாம் நோவுது. ஒரு ஆட்டம் போட்டா சரியாப் பூடும்." நாலு பேரும் உட்கார்ந்தோம். துண்டை விரித்தார். கட்டைக் கலைக்கத் தொடங்கி நடுவில் நிறுத்தினார்.

துண்டு ஆடிக்கொண்டிருந்தது.

"இன்னும் சீட்டே போடல" என்றார்.

உள்ளே செல்வியின் வளையல் சத்தம் வந்து நின்றது. கதவுக்குப் பின்னால் நிற்கிறாள் என்று தெரிந்தது.

கோமளா கட்டைத் துண்டின் நடுவில் வைத்தார். "முதல் கை நீங்க. சொல்லுங்க."

நான் கட்டையே பார்த்தேன். பாஸ் சொல்ல முடியாது. "செல்வியை" என்றேன். "பிரசவத்துக்கு. எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா? பிள்ளை பிறந்து ஒரு மாசம். ஒரே மாசம். அப்புறம் நானே கொண்டாந்து விட்டுருதேன்."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக நான் பேசியதில்லை.

"ஒரு மாசமா?" என்றார் கோமளா.

"ஆமாங்க. ஒரு மாசம் போதும்."

தேவகி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "பாஸ்" என்றாள் விரல் இடுக்கில். அடுத்தது கோமளா. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மும்தாஜ் முறை மீறி, "நானும் பாஸு" என்றார்.

"பாஸ்" என்றார் கோமளா. "ஏலம் முடிஞ்சுது. இட்டுகினு போங்க."

அழுகை வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டேன். அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து செல்வி வெளியே வந்தாள். அவள் முகத்தில் சந்தோஷத்தைவிட எரிச்சல் அதிகமாக இருந்தது.

"யம்மா, அந்தப் பையைப் பாரு."

பீரோ ஓரத்தில் ஒரு பெரிய பை இருந்தது. ஒரு வாரமாக நான் அதைத் தாண்டித்தான் குளிக்கப் போனேன். செல்வி ஜிப்பை இழுத்தாள். அவளுடைய புடவைகள், நைட்டிகள், பிள்ளைக்குத் துண்டுத் துணி, குல்லா, குப்புற விழும் வயதில் போடுகிற சட்டைகூட இருந்தது.

"அத்தை ஒரு மாசத்துக்கு முன்னாடியே எடுத்து வெச்சதாம், எனக்கே இன்னைக்குத்தான் தெரியும். பிள்ளை பிறந்து அஞ்சு மாசத்துக்கு."

நான் கோமளாவைப் பார்த்தேன். "போன்ல இங்கயே பாத்துக்கலாம்னு..."

"இன்னா பண்ணச் சொல்ற? நாலு தபா போன் பண்ணேன். எப்ப இட்டுகினு போறதுன்னு ஒரு வார்த்த வரும்னு பாத்தேன். உம், சரிங்க, உம். அவ்ளோதான். முடியல போலக்குது, கேக்க வெக்கப்படறாங்கோ, நம்மளே இங்க பாத்துக்கலாம்னு சொல்லிட்டா அவங்களுக்கும் பாரம் இல்லன்னு நெனச்சேன். நீ வந்து எறங்கி மூணு நாளா துண்டு ஆடறதப் பாத்தப்பறம்தான் விஷயம் வேறன்னு தெரிஞ்சுது."

"அப்ப அஞ்சு மாசம்" என்றேன்.

"இன்னாது?"

"அஞ்சு மாசம் இருக்கட்டுமே."

"அதெப்படி?" என்றார் கோமளா. "எல்லாரும் பாஸ் சொன்னப்பறம் ஏத்த முடியாது. ரூல்ஸு."

மும்தாஜ், "ரூல்ஸுதான்" என்றார். தேவகியும் தலையாட்டினாள். மூன்று பேரும் சிரிக்கவே இல்லை. எனக்குத்தான் அது விளையாட்டா நிஜமா என்று தெரியவில்லை. கையைப் பிடித்துக் கெஞ்சலாம் என்று பார்த்தேன். கோமளா அதற்குள் சீட்டு போட ஆரம்பித்துவிட்டார்.

"ஒண்ணு பண்ணலாம். மாசம் முடியற அன்னிக்கி நானே வரேன், இட்டுகினு வர. இவங்க ரெண்டு பேரும் வரமாட்டாங்க. அங்கயே ஆளு ரெடி பண்ணு. ஆடுவோம். ஆறு கொட்ட நீங்க எடுத்தா ஒரு மாசம் தள்ளிப் போட்டுக்கலாம். மறுபடி ஆறு எடுத்தா இன்னொண்ணு. நான் எடுத்தா அன்னிக்கே கெளம்பிடுவோம்."

"நிசமாவா?"

"சீட்டு மேல கைய வெச்சிகினு பொய் சொல்லுவனா? எனக்கும் சேவு திங்கணும்."

திங்கட்கிழமை என்னையும் செல்வியையும் வழியனுப்ப ஸ்டேஷனுக்கு வந்த கோமளா, வண்டி நகரும்போது ஜன்னல் வழியாக ஒரு பொட்டலத்தைத் தந்தார். உள்ளே பழைய சீட்டுக்கட்டு ஒன்று, ஓரமெல்லாம் மழுங்கியது, கூடவே அந்தத் துண்டு.

இப்போது சாத்தூரில் தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டில் பெஞ்ச் போடுகிறோம். செல்வி ஒரு கை. எதிர்வீட்டு மாரியம்மாள் ஒரு கை. அவளுக்குச் சத்தம் போட வரும், சீட்டு வராது. அவர்கள் இருவரும் ஒரு கட்சி. எனக்குக் கட்சிக்காரர் என் கணவர். கோமளா வருவதற்கு இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் இருக்கிறது. அதற்குள் இவரைத் தேற்றியாக வேண்டும். மாவு பிசைந்த கையோடு வந்து உட்கார்ந்து பாஸ், பாஸ் என்கிறார். எனக்கு வருகிற ஆத்திரத்தில் புதுவாயல் பேச்சு வந்துவிடுகிறது. "தொறன்னு கேளேன்யா" என்று நேற்று கத்திவிட்டேன். செல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த ஆட்டத்தில் முதல் கை அவருக்கு வந்தது. பாஸ் என்று ஆரம்பித்தார். முடியாது என்றேன். வெகுநேரம் சீட்டைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"பதினாலு" என்றார்.

துண்டு ஆடிக்கொண்டிருந்தது. என் கால் இல்லை.